பிளாஸ்மாவில் பதமாகும் கிராஃபீன்: இரத்தத்தையும் தண்ணீரையும் சோதிக்கும் உணரிகள் உருவாகும் விதம்

விரல் நுனியில் ஊசியால் குத்தி, ஒரு சொட்டு இரத்தத்தைச் சிறிய பட்டையில் தொட்டு, சில வினாடிகளில் சர்க்கரை அளவைத் தெரிந்துகொள்ளும் கருவி இன்று மலேசியத் தமிழர் வீடுகள் பலவற்றில் இருக்கிறது. அந்தப் பட்டைக்குள் வேலை செய்வது ஒரு மின்வேதி உணரி. அதே வகை உணரியை இன்னும் நுட்பமாக்கி, இரத்தத்தில் மிகக் குறைவாக இருக்கும் நோய்க் குறியீடுகளையும், தோட்டத்துக் கால்வாய் நீரில் கலந்த களைக்கொல்லியையும் கண்டுபிடிக்க முடியுமா என்ற ஆய்வு உலகின் பல ஆய்வுக்கூடங்களில் நடக்கிறது. பினாங்கில் உள்ள மலேசிய அறிவியல் பல்கலைக்கழகமான யுஎஸ்எம்மின் ஆய்வாளர்களும் கிராஃபீன் கலந்த மின்முனைகள் குறித்துத் தொடர்ந்து ஆய்வுக் கட்டுரைகள் வெளியிட்டு வருகின்றனர்.

இந்த ஆய்வில் அடிக்கடி அடிபடும் பெயர்கள் இரண்டு. ஒன்று கிராஃபீன். மற்றொன்று பிளாஸ்மா. இவை என்ன, இரண்டும் ஏன் சேர்கின்றன, நமது சமுதாயத்திற்கு இதில் என்ன இருக்கிறது என்பதை இக்கட்டுரை விளக்குகிறது.

மின்வேதி உணரி எப்படி வேலை செய்கிறது?

ஒரு பொருள் வேதிவினையில் ஈடுபடும்போது எலெக்ட்ரான்களைக் கொடுக்கலாம் அல்லது வாங்கலாம். அந்த எலெக்ட்ரான்களை ஒரு மின்முனை பிடித்துக்கொண்டால் மின்னோட்டம் உண்டாகும். பொருள் அதிகமாக இருந்தால் மின்னோட்டமும் அதிகமாகும். அதை அளந்தால் பொருளின் அளவு தெரிந்துவிடும்.

சர்க்கரைப் பட்டையில் ஒரு நொதி பூசப்பட்டிருக்கும். அது இரத்தத்தில் உள்ள குளுக்கோஸை மட்டும் தேடிப் பிடித்து வினைபுரியும். அப்போது வெளியாகும் எலெக்ட்ரான்கள் கரி மின்முனைக்கோ தங்க மின்முனைக்கோ போய்ச் சேர, கருவி அதை எண்ணாக மாற்றிக் காட்டும். நொதியையும் மின்முனையையும் இணைக்கும் யோசனையை அமெரிக்க விஞ்ஞானி லீலண்ட் கிளார்க் 1962ஆம் ஆண்டு தம் சக ஆய்வாளருடன் சேர்ந்து வெளியிட்டார். வீட்டில் வைத்துப் பயன்படுத்தும் மின்வேதி வகைக் கருவி 1987இல் சந்தைக்கு வந்தது. யோசனை கைக்கருவியாக மாற 25 ஆண்டுகள் பிடித்தன.

கிராஃபீன்: பென்சில் கரியின் ஒரே ஒரு ஏடு

பென்சிலில் இருக்கும் கிராஃபைட் என்ற கரி, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிய ஏடுகளால் ஆனது. அந்த ஏடுகளில் ஒன்றை மட்டும் தனியே உரித்தெடுத்தால் அதுதான் கிராஃபீன். அதில் கரிம அணுக்கள் தேன்கூடு போல அறுகோண வடிவில் பின்னியிருக்கும். ஓர் ஏட்டின் தடிமன் ஏறத்தாழ 0.335 நானோமீட்டர். ஒரு மில்லிமீட்டர் கிராஃபைட்டில் சுமார் மூன்று மில்லியன் ஏடுகள் அடங்கும்.

பிரிட்டனின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் ஆந்த்ரே கைம், கான்ஸ்டன்டின் நோவோசெலோவ் ஆகிய இருவரும் சாதாரண ஒட்டும் டேப்பைக் கொண்டு கிராஃபைட்டை மறுபடி மறுபடி உரித்து ஒற்றை ஏட்டைப் பிரித்தனர். அந்த ஆய்வு 2004இல் வெளியானது. 2010இல் அவர்களுக்கு இயற்பியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது.

உணரி செய்பவர்களைக் கிராஃபீன் கவர்வதற்கு இரண்டு காரணங்கள். அது மின்சாரத்தை மிக நன்றாகக் கடத்தும். மேலும், கொஞ்சம் எடையிலேயே மிகப் பெரிய பரப்பைத் தரும். ஒரு கிராம் கிராஃபீனின் இரு பக்கப் பரப்பையும் கணக்கிட்டால் சுமார் 2,630 சதுர மீட்டர் வரும். அது ஒரு காற்பந்துத் திடலின் மூன்றில் ஒரு பங்கைவிடப் பெரியது. பரப்பு அதிகமானால் வினை நடக்கும் இடமும் அதிகமாகும்.

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. குறையே இல்லாத கிராஃபீன் ஏட்டின் நடுப்பகுதி வேதிவினைக்கு அவ்வளவாக இடம் கொடுப்பதில்லை. தண்ணீர் அதன்மேல் எளிதில் பரவாது. நொதியோ எதிர்ப்புரதமோ ஒட்டிக்கொள்ள அங்கே பிடிப்பு கிடையாது. எலெக்ட்ரான் பரிமாற்றம் ஏட்டின் ஓரங்களிலும், பின்னல் அறுந்த இடங்களிலும்தான் விரைவாக நடக்கிறது. அதாவது உணரிக்குத் தேவைப்படுவது அளவாகக் காயப்பட்ட கிராஃபீன். அந்தக் காயத்தை உண்டாக்கும் கத்திதான் பிளாஸ்மா.

இது எந்தப் பிளாஸ்மா?

டெங்கிக் காய்ச்சலின்போதும் இரத்ததான முகாம்களிலும் பேசப்படும் பிளாஸ்மா இரத்தத்தின் திரவப் பகுதி. இங்கே சொல்லப்படுவது வேறு. வாயுவுக்கு மின் ஆற்றலை ஏற்றும்போது அதன் அணுக்களிலிருந்து எலெக்ட்ரான்கள் பிரிந்து, மின்னேற்றம் பெற்ற துகள்களின் கலவையாக அது மாறும். இந்த நிலைக்கு அமெரிக்க விஞ்ஞானி இர்விங் லாங்மியூர் 1928இல் பிளாஸ்மா என்று பெயரிட்டார். மின்னல் ஒரு பிளாஸ்மா. எரியும் டியூப்லைட்டுக்குள் இருப்பதும் பிளாஸ்மாதான்.

டியூப்லைட்டைத் தொட்டால் கை வெந்துபோவதில்லை. உள்ளே இருக்கும் எலெக்ட்ரான்கள் மிகுந்த ஆற்றலோடு ஓடினாலும், கனமான வாயு அணுக்கள் அவ்வளவாகச் சூடாவதில்லை என்பதே காரணம். இதைக் குளிர் பிளாஸ்மா என்பர். பிளாஸ்டிக் பட்டையில் அச்சிட்ட மின்முனையை உருக்காமல் அதன் மேற்பரப்பை மட்டும் மாற்ற முடிவது இதனால்தான்.

எந்த வாயுவைப் பயன்படுத்துகிறோமோ அதற்கேற்ப விளைவும் மாறும். ஆக்சிஜன் பிளாஸ்மா மேற்பரப்பின் அழுக்கை எரித்து, கிராஃபீனில் ஆக்சிஜன் கொண்ட வேதிக்குழுக்களைப் பதிக்கும். நைட்ரஜன் பிளாஸ்மா சில கரிம அணுக்களின் இடத்தில் நைட்ரஜன் அணுக்களை உட்காரவைக்கும். ஆர்கான் முக்கியமாக மோதிச் சுரண்டும். ஹைட்ரஜன் பிளாஸ்மா, கிராஃபீன் ஆக்சைடில் மிகுதியாக உள்ள ஆக்சிஜனை நீக்கி மின்கடத்தும் திறனைத் திரும்பக் கொண்டுவர உதவும். திரவ அமிலங்களைக் கொண்டும் இவற்றில் சிலவற்றைச் செய்யலாம். ஆனால் பிளாஸ்மா முறையில் அமிலக் கழிவு இல்லை. வேலையும் நிமிடக் கணக்கில் முடிந்துவிடும்.

உணரி செய்யும் படிகள்

முதலில் பிளாஸ்டிக் அல்லது பீங்கான் தகட்டில் மின்முனைகளை அச்சிடுவார்கள். பனியனில் எழுத்து அச்சிடும் அதே ஸ்கிரீன் பிரிண்டிங் முறைதான். கிராஃபீன் அல்லது கரி கலந்த மை, வலைத்துணி வழியாக அழுத்தப்படும். ஒரு பட்டையில் பொதுவாக மூன்று மின்முனைகள் இருக்கும்: வினை நடக்கும் வேலை மின்முனை, ஒப்பிட்டுப் பார்க்க வெள்ளி, வெள்ளி குளோரைடு பூசிய ஒப்பு மின்முனை, மின்சுற்றை நிறைவு செய்யும் துணை மின்முனை.

அச்சிட்ட பட்டையை அடுப்பில் காயவைத்த பின் ஒரு தடை எஞ்சியிருக்கும். மையைத் தகட்டில் ஒட்டவைக்கச் சேர்த்த பசை, கரித்துகள்களை மூடிக்கொண்டிருக்கும். மின்னோட்டத்துக்கு அது திரை போட்டதுபோல. பிளாஸ்மா செய்யும் முதல் வேலை இந்தப் பசையைச் சுட்டு அகற்றுவது.

அடுத்து, வேலை மின்முனையை மட்டும் திறந்துவைத்து மற்ற பகுதிகளை மறைத்துவிடுவார்கள். வெள்ளி மின்முனை ஆக்சிஜன் பிளாஸ்மாவில் பட்டால் கெட்டுவிடும். பிறகு பட்டையைக் காற்று உறிஞ்சப்பட்ட கலத்துக்குள் வைப்பார்கள். உள்ளே அழுத்தம் வெளிக்காற்றின் ஆயிரத்தில் ஒரு பங்கு அல்லது அதற்கும் கீழே இறக்கப்படும். தேவையான வாயு சிறிதளவு செலுத்தப்பட்டு, உயர் அலைவெண் மின்சாரம் கொடுக்கப்படும். இதற்குப் பரவலாகப் பயன்படும் அலைவெண் 13.56 மெகாஹெர்ட்ஸ். கலத்தின் கண்ணாடிச் சன்னலில் மங்கிய ஒளி தெரியும். சில வினாடிகளில் தொடங்கி சில நிமிடங்கள் வரை இந்தச் சிகிச்சை நடக்கும்.

வெளியே எடுத்ததும் ஒரு துளி நீரை விட்டுப் பார்ப்பார்கள். சேம்பு இலையில் உருள்வதுபோல் துளி திரண்டு நின்றால் மேற்பரப்பு இன்னும் மாறவில்லை. தட்டையாகப் பரவினால் ஆக்சிஜன் குழுக்கள் பதிந்துள்ளன என்று பொருள். பின்னலில் எவ்வளவு குறை உண்டாகியுள்ளது என்பதை ராமன் ஒளிச்சோதனை காட்டும். தமிழ்நாட்டில் பிறந்த சர் சி.வி. ராமன் 1928இல் கண்டறிந்த ஒளிச்சிதறல் விளைவுதான் அதற்கு அடிப்படை.

கடைசியாக மின்வேதிச் சோதனை. பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடு போன்ற பழக்கப்பட்ட கரைசலில் மின்முனையை வைத்து, மின்னழுத்தத்தை ஏற்றி இறக்கி மின்னோட்டத்தை வரைபடமாக எடுப்பார்கள். அதில் இரு முகடுகள் தெரியும். எலெக்ட்ரான் பரிமாற்றம் எவ்வளவு விரைவானதோ, அந்த முகடுகள் அவ்வளவு நெருங்கி நிற்கும். 25 பாகை செல்சியஸில் ஒற்றை எலெக்ட்ரான் வினைக்கு இலட்சிய இடைவெளி ஏறத்தாழ 59 மில்லிவோல்ட். பிளாஸ்மாவுக்கு முன்னும் பின்னும் எடுத்த வரைபடங்களை ஒப்பிட்டால் சிகிச்சை பலித்ததா என்று தெரியும்.

இங்கும் கவனம் தேவை. ஆக்சிஜன் பதிந்த மேற்பரப்பு எதிர் மின்னேற்றம் பெறும். ஃபெர்ரிசயனைடும் எதிர் மின்னேற்றம் உடையது. ஒன்றையொன்று தள்ளுவதால், நல்ல மின்முனைகூட மோசமானதாகத் தோன்றலாம். எனவே நேர் மின்னேற்றமுள்ள வேறொரு கரைசலிலும் சோதிப்பது வழக்கம்.

பால்மரமும் பிளாஸ்மாவும்

பால்மரம் வெட்டியவர்களுக்கு இந்தத் தொழில்நுட்பத்தின் மையச் சிக்கல் எளிதில் புரியும். கத்தி மேலோட்டமாகப் போனால் பால் வராது. ஆழமாகப் போனால் மரம் காயப்பட்டு, பட்டை திரும்ப ஒழுங்காக வளராது. இரண்டுக்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய அளவில்தான் வெட்டுபவரின் திறமை இருக்கிறது.

பிளாஸ்மாவும் அப்படித்தான். நேரமோ ஆற்றலோ குறைந்தால் பசையும் அழுக்கும் அப்படியே இருக்கும். கூடினால் கிராஃபீனின் பின்னல் அறுந்து, மின்கடத்தும் திறன் விழும். ஒற்றை ஏட்டுக் கிராஃபீனை ஆக்சிஜன் பிளாஸ்மா சில வினாடிகளிலேயே தின்றுவிடக்கூடும். பல ஏடுகள் கொண்ட அச்சு மை அதைவிட அதிகம் தாங்கும். ஒரு கலத்தில் சரியாக வந்த அளவு இன்னொரு கலத்துக்குப் பொருந்தாது. வாயு, அழுத்தம், ஆற்றல், நேரம், பட்டை வைக்கும் இடம் என ஒவ்வொன்றையும் அந்தந்த இயந்திரத்தில் சோதித்தே முடிவுசெய்ய வேண்டும்.

இன்னொரு தொல்லை, பதப்படுத்திய மேற்பரப்பு பழசாவது. காற்றில் வைத்திருந்தால் சில மணி நேரத்திலிருந்து சில நாள்களுக்குள் அதன் தன்மை மெல்ல மாறத் தொடங்கும். ஆகவே நொதியையோ எதிர்ப்புரதத்தையோ காலம் தாழ்த்தாமல் ஒட்டிவிட வேண்டும். மலேசியாவின் வெப்பத்திலும் ஈரப்பதத்திலும் பட்டை எத்தனை மாதம் தாங்கும் என்பது, ஆய்வுக்கூடத்தில் ஒரு பட்டை நன்றாக வேலை செய்தது என்பதைவிடப் பெரிய கேள்வி.

பினாங்கின் கை

பினாங்குக்குப் பிளாஸ்மா புதிதல்ல. ஜார்ஜ்டவுனுக்குத் தெற்கே பாயான் லெப்பாஸில் சுதந்திர வர்த்தக மண்டலம் 1972இல் தொடங்கியது. இன்டெல் நிறுவனம் அமெரிக்காவுக்கு வெளியே தன் முதல் தொழிற்சாலையை அதே ஆண்டு அங்கே அமைத்தது. செபராங் பிறைத் தோட்டங்களிலும் பட்டணங்களிலும் வளர்ந்த இளம்பெண்கள் பலர் தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி மின்னியல் வேலைக்குப் போன காலம் அது. சில்லுகளில் மெல்லிய கம்பி இணைப்பதற்கு முன் மேற்பரப்பைப் பிளாஸ்மாவால் துடைப்பது இத்தொழிலில் வழக்கமான ஒரு படி. ஒட்ட வேண்டியது ஒட்ட வேண்டுமானால் மேற்பரப்பு சுத்தமாக இருக்க வேண்டும் என்பதே அங்கும் விதி.

ஆய்வுப் பக்கத்திலும் அடித்தளம் இருக்கிறது. 1969இல் தொடங்கிய யுஎஸ்எம்மின் தலைமை வளாகம் குளுகோரில் உள்ளது. பொருளறிவியல் பொறியியலும் மின்னியலும் கற்பிக்கும் அதன் பொறியியல் வளாகம் நிபோங் திபாலில், தோட்டங்கள் சூழ்ந்த தென் செபராங் பிறையில் அமைந்துள்ளது. யுஎஸ்எம்மின் மூலக்கூறு மருத்துவ ஆய்வுக் கழகமான இன்ஃபோர்ம் நோயறியும் சோதனைகளை உருவாக்குவதில் பெயர் பெற்றது. பேராசிரியர் ரஹ்மா நோர்டின் தலைமையில் உருவான யானைக்கால் நோய்ச் சோதனைப் பட்டை, உலக சுகாதார நிறுவனத்தின் ஒழிப்புத் திட்டத்தில் பயன்படுத்தப்பட்டது. அது மின்வேதி வகை அல்ல. ஆயினும் ஆய்வுமேசையில் பிறந்த சோதனையை கிராமம் வரை கொண்டுசேர்த்த அனுபவம் இங்கே உண்டு என்பதற்கு அது சான்று.

மலேசிய அரசு 2014இல் வெளியிட்ட தேசியக் கிராஃபீன் செயல்திட்டம் ஐந்து துறைகளுக்கு முன்னுரிமை தந்தது. அவற்றில் ரப்பரில் கிராஃபீன் சேர்ப்பது ஒன்று. மின்கடத்தும் மை மற்றொன்று. உணரிகளை அச்சிடத் தேவைப்படுவது அந்த மைதான்.

தோட்டத்துக்கு என்ன பயன்?

பாராகுவாட் என்ற களைக்கொல்லியை உதாரணமாகப் பார்க்கலாம். தோட்டங்களில் மருந்து அடிக்கும் வேலை பெரும்பாலும் பெண்களிடமே இருந்தது. அவர்களின் உடல்நலம் குறித்து தெனாகானித்தா அமைப்பும், பினாங்கைத் தளமாகக் கொண்ட ஆசிய பசிபிக் பூச்சிக்கொல்லி நடவடிக்கைக் கட்டமைப்பும் 2002இல் ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டன. பாராகுவாட் உடலுக்குள் போனால் நுரையீரலைத் தாக்கும். அதற்கு மாற்று மருந்து கிடையாது. அதே 2002இல் தடை அறிவிக்கப்பட்டு, 2006இல் தளர்த்தப்பட்டது. முழுத் தடை நடப்புக்கு வந்தது 2020 ஜனவரி 1ஆம் தேதி.

தடை இருந்தாலும் நீரில் இருக்கிறதா என்று யார் பார்ப்பது? தண்ணீர் மாதிரியை ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பி, விலையுயர்ந்த இயந்திரத்தில் சோதித்து, முடிவுக்குக் காத்திருக்க வேண்டும். இந்த இடத்தில்தான் கையடக்க உணரிக்கு மதிப்பு. பாராகுவாட் நீரில் நேர் மின்னேற்றத்துடன் இருக்கும். ஆக்சிஜன் பிளாஸ்மாவில் பதமான கிராஃபீன் மேற்பரப்போ எதிர் மின்னேற்றம் உடையது. ஒன்றையொன்று ஈர்ப்பதால் பாராகுவாட் மின்முனையில் வந்து சேரும். மேலும் அது தானே எலெக்ட்ரான்களை வாங்கும் பொருள் என்பதால் நொதிகூடத் தேவையில்லை.

எட்ட வேண்டிய அளவு கடினமானது. ஐரோப்பிய ஒன்றியம் குடிநீரில் எந்த ஒரு பூச்சிக்கொல்லிக்கும் வைத்துள்ள வரம்பு ஒரு லிட்டருக்கு 0.1 மைக்ரோகிராம். அதாவது பத்து மில்லியன் லிட்டர் நீரில் ஒரு கிராம். ஒலிம்பிக் அளவு நீச்சல் குளங்கள் நான்கில் ஒரு கிராம் கரைந்தால் வரும் அளவு அது. அதோடு, பாராகுவாட் களிமண்ணில் இறுகப் பற்றிக்கொள்ளும் தன்மை கொண்டது. கால்வாயின் தெளிந்த நீரில் இல்லை என்று உணரி சொன்னாலும், அடியில் உள்ள சேற்றில் அது இருக்கலாம். கிளைஃபோசேட் போன்ற வேறு களைக்கொல்லிகள் மின்முனையில் இவ்வளவு எளிதாக வினைபுரிவதில்லை. அவற்றுக்கு வேறு வழி தேவை. ஒரே பட்டை எல்லா நஞ்சையும் காட்டிவிடாது.

இனிப்பு நீரும் நமது சமுதாயமும்

2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார, நோய்ப்பரவல் ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு இருந்தது. இந்தியர்களிடையே அது 31.4 விழுக்காடு. அதாவது ஏறத்தாழ மூவரில் ஒருவர். 2023இல் நாட்டு அளவு 15.6 விழுக்காடாக இறங்கியது. நோய் இருப்பதே தெரியாமல் இருப்பவர்கள் இரு ஆய்வுகளிலும் கணிசமாக இருந்தனர்.

விரல் சோதனைக் கருவிக்கு என ஐஎஸ்ஓ 15197 என்ற அனைத்துலகத் தரம் இருக்கிறது. 2013ஆம் ஆண்டுப் பதிப்பின்படி, சர்க்கரை அளவு 5.55 மில்லிமோலுக்கு மேல் இருக்கும்போது, நூற்றுக்கு 95 அளவீடுகளாவது உண்மை அளவிலிருந்து 15 விழுக்காட்டுக்கு மேல் விலகக்கூடாது. அதற்குக் கீழே 0.83 மில்லிமோலுக்கு மேல் விலகக்கூடாது. கிராஃபீன் பட்டையாக இருந்தாலும் இந்தத் தேர்வில் தேறியாக வேண்டும். இரத்தத்தில் உள்ள வைட்டமின் சி, யூரிக் அமிலம், பாராசெட்டமால் மாத்திரை ஆகியவையும் மின்முனையில் எலெக்ட்ரான்களைக் கொடுத்து, சர்க்கரை கூடுதலாக இருப்பதுபோல் காட்டக்கூடும். உப்புக் கரைசலில் அழகாக வேலை செய்யும் பல ஆய்வு உணரிகள், உண்மையான இரத்தத்துக்கு முன் தடுமாறுவது இதனால்தான்.

கடைகளிலும் சமூக ஊடகங்களிலும் கிராஃபீன் என்ற பெயரில் வளையல், இடுப்புப் பட்டி, கால் ஒட்டுகள் விற்கப்படுகின்றன. அவற்றுக்கும் இங்கே விளக்கிய உணரிகளுக்கும் தொடர்பில்லை. நோயைக் கண்டறியும் எந்தக் கருவியும் 2012ஆம் ஆண்டு மருத்துவக் கருவிகள் சட்டத்தின் கீழ் பதிவுபெற்ற பின்பே மலேசியாவில் விற்கப்பட வேண்டும். எம்டிஏ எனப்படும் மருத்துவக் கருவிகள் ஆணையத்தின் இணையப் பதிவேட்டில் கருவியின் பெயரைத் தேடிப் பார்க்கலாம். அதில் இல்லாத ஒன்றை நம்பி மாத்திரையை நிறுத்துவது ஆபத்து. 

பிள்ளைகள் எந்தப் பாதையில் வரலாம்?

இத்துறைக்கு ஒரே படிப்பு என்று கிடையாது. மின்முனை அச்சிட பொருளறிவியல், பிளாஸ்மா கலத்தை இயக்க இயற்பியலும் மின்னியலும், பரப்பை மாற்ற வேதியியல், நொதியும் எதிர்ப்புரதமும் கையாள உயிர்த்தொழில்நுட்பம், கருவியை உருவாக்க மின்சுற்று வடிவமைப்பு என ஐந்தாறு துறைகள் இதில் சேர்கின்றன. எஸ்பிஎம் தேர்வில் இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றையும் விடாமல் எடுத்த மாணவருக்கு இவற்றில் எதற்கும் கதவு திறந்திருக்கும். பட்டப்படிப்பு மட்டுமே வழி என்றும் இல்லை. பெர்மாத்தாங் பாவில் உள்ள செபராங் பிறை பொலிடெக்னிக் போன்ற இடங்களில் டிப்ளோமா முடித்து, தொழிற்சாலையில் இயந்திரம் இயக்கக் கற்றுக்கொள்பவர்களும் பிளாஸ்மா தொழிலுக்குத் தேவை. எத்தனை வினாடி, எவ்வளவு ஆற்றல் என்ற கணக்கு, இயந்திரத்தின் அருகில் நின்று பழகியவர் கைக்குத்தான் முதலில் பிடிபடும்.